சிவனொளிபாதத்துக்கு லிஃப்ட் வைத்தவர்

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் இலங்கையின் வரைபடத்தில் மூன்று இடங்களில் கைவைத்தார். தீவை அப்படியே தூக்கி 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளினார். சிவனொளிபாதமலையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினார். பிறகு அந்த மலையைச் சீகிரியாவுக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்தார். 1979இல் வெளிவந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலுக்காகச் செய்த வேலை இது. செய்ததை ஒளிக்கவும் இல்லை. நாவலோடு சேர்த்து எழுதிய குறிப்பில் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிடுகிறார்.

மஸ்கெலியாப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இது லேசில் செரிக்கிற விஷயமா? எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, மேலே ஏறி நின்றால் மலை முழுசாகத் தெரியும். டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், யாத்திரைச் சீசன் தொடங்கினால் வெசாக் வரைக்கும், நல்லதண்ணிப் பக்கத்துப் படிக்கட்டு விளக்குகள் இரவில் வளைந்து வளைந்து உச்சி வரை போகும். பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம், எங்களுக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு பாவா ஆதம் மலை. உயரம் 2,243 மீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணியிருக்கிறோம். ஒரு வெள்ளைக்காரர் வந்து அதை இழுத்து நீட்டி, உச்சியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிறார் என்றால் முதலில் வருவது பெருமையா எரிச்சலா? எனக்கு இரண்டும் வந்தன. இன்னும் இருக்கின்றன.

அந்த 800 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன், கை சும்மா இருக்காது. சிவனொளிபாதமலை வடக்கு அகலக்கோடு 6 பாகை 48 கலையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111 கிலோமீட்டர். பெருக்கினால், பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 755 கிலோமீட்டர். 800 தெற்கே தள்ளினால் மலை கிட்டத்தட்ட ரேகையிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. விண்வெளி லிஃப்ட்டுக்கு அதுதான் வேண்டும். அதன் கம்பி புவிநிலைச் செய்மதியிலிருந்து நேர் கீழே இறங்குகிறது. அந்தச் செய்மதியோ பூமத்திய ரேகைக்கு மேலே மட்டும்தான் ஒரே இடத்தில் நிற்க முடியும். கிளார்க்கின் கற்பனை எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு கணக்குப் புத்தகமும் போகும்.

அவரை 'விஞ்ஞானியாக இருந்து எழுத்தாளரானவர்' என்று அறிமுகம் செய்வது வழக்கம். வாழ்க்கையைப் பார்த்தால் அது அவ்வளவு நேரான பாதையாக இல்லை. 1917 டிசம்பர் 16இல், இங்கிலாந்தின் சமர்செட்டில் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். பண்ணைக் குடும்பம். சின்ன வயதிலேயே தகப்பன் போய்விட்டார். பல்கலைக்கழகம் போக வசதியில்லாமல் 1936இல் லண்டனுக்கு வந்து அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தார். என்ன உத்தியோகம்? ஆசிரியர்களின் ஓய்வூதியக் கணக்குச் சரிபார்ப்பது. மாலையில் பிரிட்டிஷ் கோளிடைச் சங்கத்துக் கூட்டாளிகளோடு நிலாவுக்கு எப்படிப் போவது என்று பேச்சு. பகலில் பென்ஷன், இரவில் நிலா.

1941இல் விமானப்படையில் சேர்ந்தார். அங்கே அவரைப் போட்ட இடம் ராடர். மூடுபனியில் கண் தெரியாமல் வருகிற விமானத்தைத் தரையிலிருந்து ராடரில் பார்த்து, விமானிக்கு வானொலியில் சொல்லிச் சொல்லி இறக்குகிற புது முறை அப்போதுதான் சோதனையில் இருந்தது. எங்கள் ஊர் மூடுபனியில் வேன் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் அந்த வேலையின் அருமை தெரியும். யுத்தம் முடிந்து லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 1948இல் கணிதத்திலும் பௌதிகவியலிலும் முதல் வகுப்பில் தேறினார். அப்புறம் பௌதிகவியல் ஆய்வுச் சுருக்கங்களை வெளியிடுகிற சஞ்சிகையில் உதவி ஆசிரியர். அதையும் 1951க்குள் விட்டுவிட்டு முழுநேர எழுத்துக்கு வந்துவிட்டார்.

ஆக, ஆய்வுகூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்ற காலம் என்று எதுவும் இல்லை. அந்தச் சுருக்க வேலை ஒரு அறிவியல் புனைகதைக்காரருக்கு வாய்க்கக்கூடிய ஆகச் சிறந்த வேலை என்று நினைக்கிறேன். உலகத்தில் எவனெவன் என்னென்ன கண்டுபிடிக்கிறான் என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு வாசிக்கலாம். ஒப்பிட வேண்டுமென்றால் ஃப்ரெட் ஹொயிலைச் சொல்லலாம். அவர் கேம்பிரிட்ஜில் வானியலாளராக இருந்துகொண்டே நாவல் எழுதினார், நம்முடைய கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவோடு சேர்ந்து ஆராய்ச்சியும் செய்தார். நம் பக்கம் சுஜாதா. பகலில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர், மற்ற நேரத்தில் எழுத்து. கிளார்க் அப்படி இரண்டு படகில் கால் வைக்கவில்லை. அறிவியலில் அவர் செய்த பெரிய காரியம், பட்டம் வாங்குவதற்கு முன்பே, படைச் சீருடையில் இருந்தபோதே முடிந்துவிட்டது.

1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரை அது. விஷயம் இதுதான். பூமியைச் சுற்றுகிற பொருள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு மெதுவாகச் சுற்றும். சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு சுற்றுக்குப் பூமி தன்னைத்தானே சுற்ற எடுக்கிற அதே நேரம்தான் ஆகும். பூமத்திய ரேகைக்கு மேலே அந்த உயரத்தில் ஒன்றை விட்டால், கீழே இருந்து பார்ப்பவருக்கு அது நகரவே நகராது. அப்படி மூன்றை இடைவெளி விட்டு வைத்தால் ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்றார் கிளார்க். அந்த உயரத்து வட்டப்பாதையைப் பற்றி 1920களின் கடைசியில் ஹெர்மன் பொட்டோச்னிக் என்ற பொறியாளர் எழுதியிருந்தார். தகவல் தொடர்புக்கு அதை இப்படி ஒரு முழு ஏற்பாடாக வரைந்து காட்டியது கிளார்க். அதில் ஒரு வேடிக்கை: அந்த நிலையங்களில் ஆட்கள் குடியிருப்பார்கள் என்று நினைத்தார். ரேடியோ வால்வு எரிந்துபோனால் யாராவது மாற்ற வேண்டாமா? ட்ரான்சிஸ்டர் அப்போது பிறக்கவில்லை.

காப்புரிமை எடுக்கவில்லை. 1963, 64இல் சின்கொம் செய்மதிகள் அந்த உயரத்துக்குப் போய்விட்டன. ஓய்வு நேரத்தில் நூறு கோடி டொலரை எப்படித் தொலைத்தேன் என்று பிற்பாடு அவரே கிண்டலாகத் தலைப்பு வைத்து எழுதினார். இன்றைக்கு அந்தப் பாதைக்குக் கிளார்க் வட்டப்பாதை என்றும் பெயர்.

அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது புத்தகத்தில் இல்லை, தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் கூரையில். என் மச்சான் ஒருவன் தோட்டம் தோட்டமாகப் போய் டிஷ் கட்டுகிறவன். லீவு நாளில் அவனுக்கு ஏணி பிடிக்கப் போவேன். தகரத்தில் சறுக்காமல் குந்திக்கொண்டு, ஒரு கையில் ஸ்பெனர், மறு கையில் கீச்சிடுகிற சின்ன மீட்டர். கிழக்குப் பக்கமாக, கழுத்தை நன்றாக அண்ணாந்தால் தெரிகிற உயரத்தில் செய்மதி. டிஷ்ஷை விரலளவு திருப்புவான், மீட்டர் முனகும். இன்னும் ஒரு நூல் திருப்புவான், அலறும். கீழே காம்பராவுக்குள்ளிருந்து, லயத்து அறைக்குள்ளிருந்து, "வந்திருச்சு, வந்திருச்சு" என்று பிள்ளைகள் கத்துவார்கள். நட்டை இறுக்கிவிட்டு இறங்கினால் அவ்வளவுதான், வருஷக்கணக்காகத் தொட வேண்டியதில்லை. இருபது காம்பரா லயத்தில் இருபது டிஷ்ஷும் கோயிலில் சாமி பார்க்கிற சனம் மாதிரி ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"இது ஏன் மச்சான் சூரியன் மாதிரி நகராம நிக்குது?" என்று அவன்தான் ஒரு தரம் கேட்டான். நகருகிறது, நாமும் கூடவே நகருகிறோம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப மழைக்கு மட்டும் ஏன் படம் உடையுது?" என்றான். அது கேட்க வேண்டிய கேள்வி. இந்த அலைகளின் நீளம் இரண்டு மூன்று சென்ரிமீட்டர்தான். பெரிய மழைத் துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். மஸ்கெலியாவின் ஜூன் மாதத்து மழையில் நாடகத்தின் கடைசிக் காட்சி கட்டம் கட்டமாக உடைந்து நிற்பது அதனால்தான். அப்பாயிக்கு இதை விளக்கிப் பார்த்தேன். "அதெல்லாம் சரி, அந்தப் புள்ள கல்யாணம் கட்டிக்கிச்சா இல்லையா?" என்றார்.

கிளார்க் இலங்கைக்கு வந்தது கடலுக்காக. 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறைக்குப் போகிற வழியில் கப்பல் கொழும்பில் நின்றது. ஊர் பிடித்துப்போய் 1956இல் திரும்பி வந்தார், கடைசி வரை இங்கேயே இருந்துவிட்டார். நீருக்கு அடியில் உடம்பு எடையற்று மிதப்பது விண்வெளியில் மிதப்பதற்கு மிகக் கிட்டிய அனுபவம் என்பது அவருடைய எண்ணம். கூட்டாளி மைக் வில்சனோடு திருகோணமலையில் முங்கியபோது, சுவாமிமலைக்குக் கீழே கடலடியில் பழைய கோணேஸ்வரத்தின் தூண்களும் செதுக்கிய கற்களும் கிடப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயில் அது. (அந்த வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவகல்கி என்று காவி கட்டிக்கொண்டார். அது தனிக் கதை.) எங்களுக்கும் தண்ணீருக்குள் ஒரு கோயில் உண்டு. 1960களின் கடைசியில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிப்போனது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது கோயில் மேலே வரும், சனம் போய்ப் பார்த்துக் கும்பிட்டு வரும். அதற்கு முங்குகிற கவசம் ஒன்றும் தேவையில்லை.

1975இல் நடந்தது இன்னும் சுவாரசியம். இந்தியா அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செய்மதியை ஒரு வருஷத்துக்கு வாங்கி, சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி அனுப்பிப் பார்த்தது. அந்தத் திட்டத்தின்போது இந்திய விண்வெளிப் பொறியாளர்கள் கொழும்பில் கிளார்க்கின் வீட்டிலும் ஒரு பெரிய அண்டெனாவைப் பூட்டிக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே இல்லாத காலம். ஐடிஎன் வந்தது 1979இல், ரூபவாஹினி 1982இல். ரூபவாஹினியின் கோபுரம் ஏறியது நம் பிதுருதலாகலை உச்சியில், 2,524 மீட்டரில். 1945இல் தாளில் வரைந்த மனிதர் 30 வருஷம் கழித்துத் தன் வீட்டிலேயே அது வேலை செய்வதைப் பார்த்தார். எத்தனை எழுத்தாளருக்கு அது வாய்க்கும்?

ஆனால் 1970களை நான் இன்னொரு கணக்கிலும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்தாண்டின் நடுவில், வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்கள் வரிச் சலுகையோடு இங்கே தங்குவதற்கு அரசாங்கம் ஓர் ஏற்பாடு செய்தது. கிளார்க் அந்த வகையில் நாட்டின் விருந்தாளி ஆனார். அதே வருஷங்களில் மலையகத்தில் என்ன நடந்தது? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக ஆக்கியிருந்தது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். 1973, 74இல் பஞ்சம். தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாமல் சாவு விழுந்த கதைகளை அப்பாயி சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். பிறகு இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்கு ரயில் ஏற்றினார்கள். பெட்டி படுக்கையோடு ஏறுகிறவர்களும் மேடையில் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது.

கிளார்க் அந்த நாவலை எழுதியது இந்தக் காலத்தை ஒட்டித்தான். ஒரு குறிப்பில் தீவை 800 கிலோமீட்டர் நகர்த்த முடிகிற நாட்டில், மலையடிவாரத்து மனிதர்களை ஓர் ஒப்பந்தத்தால் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். இதற்கு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஒப்பந்தம் அவர் போட்டதில்லை. இருந்தாலும், நாவலில் வருகிற தன் தப்ரபேன் தீவு 90 சதவீதம் இலங்கைதான் என்று முன்னுரையில் சொல்கிறவர் அந்த மலையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். பிக்குகள், அரசன், பொறியாளர், ஓய்வு பெற்ற ராஜதந்திரி எல்லாரும் நினைவில் நிற்கிறார்கள். கொழுந்து பறிக்கிற ஒரு கையாவது என் நினைவில் நிற்கவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்த நாவல் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா? பிடிக்கும். 22ஆம் நூற்றாண்டில் வன்னிவார் மோர்கன் என்ற பொறியாளர் விண்வெளிக்கு ஒரு கோபுரம் கட்டப் பார்க்கிறார். அதற்குப் பொருத்தமான ஒரே மலை ஸ்ரீகந்த (நாவலில் நம் சிவனொளிபாதத்தின் பெயர்), அதன் உச்சியில் பிக்குகளின் மடம். கிளார்க் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆனாலும் பிக்குகளை முட்டாள்களாகக் காட்டவில்லை. அவர்களில் ஒருவர் விஞ்ஞானியாக இருந்து துறவியானவர். கோபுரத்தைத் தடுக்க அவர் ஜெபம் செய்யவில்லை, வானிலையைக் கட்டுப்படுத்துகிற அமைப்புக்குள் புகுந்து புயலைக் கிளப்புகிறார். அந்தக் காற்று, உச்சியை ஒரு நாளும் எட்டியிராத மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளை மலைக்கு மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அவை உச்சியை அடைந்தால் பிக்குகள் இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்பது பழைய வாக்கு. தடுக்கப் போனவரே வழியைத் திறந்துவிடுகிறார். சீசன் காலத்தில் மலையை நோக்கிப் பறக்கிற பூச்சிகளை வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த இடம் வேறு மாதிரி இறங்கும். சாகத்தான் போகின்றன என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

லிஃப்ட் என்ற யோசனை கிளார்க்கின் சொந்தச் சரக்கில்லை. 1895இல் ட்சியொல்கோவ்ஸ்கி ஒரு மகா கோபுரத்தைக் கற்பனை செய்தார். 1960இல் ரஷ்யப் பொறியாளர் யூரி அர்ட்சுடனோவ் அதைத் தலைகீழாக்கினார்: கீழிருந்து கட்டாதே, மேலிருந்து கம்பியைத் தொங்கவிடு. பிரச்சினை கம்பிதான். உருக்குக் கம்பியைச் சும்மா தொங்கவிட்டால் சில பத்துக் கிலோமீட்டருக்குள் தன் பாரத்திலேயே அறுந்துபோகும், இங்கே தேவை 35,000க்கு மேல். கிளார்க் வைரத்தில் இழை செய்தார். கார்பன் நுண்குழாய்கள் 1991இல் பெரிதாகப் பேசப்பட்டபோது பலருக்கு அந்த இழை ஞாபகம் வந்தது. அந்த நீளத்துக்கு அதை இன்னும் யாரும் நூற்கவில்லை.

பொறியியல் வரும் இடத்தில் கிளார்க்கின் வசனம் உயிர் பெறும், காதல் வரும் இடத்தில் தூங்கிவிடும். எனக்கு இது குறையாகத் தெரிந்தது இளவயதில். கோபுரத்தில் சிக்கியவர்களை மீட்க மோர்கன் ஒற்றை ஆளாக ஏறிப் போகிற அத்தியாயங்களை இப்போது படித்தால், ஒரு பற்றரி, ஒரு ஆணி, ஒரு இழுவிசைக் கணக்கு ஆகியவற்றை வைத்தே நெஞ்சைப் பிசைய முடிகிறது அவரால். மற்றப் புத்தகங்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். இயக்குநர் குப்ரிக்கோடு சேர்ந்து செய்த 1968 படம் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி', 1973இல் வந்த 'ரெண்டெவூ வித் ராமா', இரண்டும் பெரும் புகழ். ராமாவுக்கு வாங்கிய ஹியூகோ, நெபியுலா விருதுகள் இரண்டையும் எங்கள் மலை நாவலுக்கும் வாங்கினார்.

1962இல் ஒரு முறை உடம்பு செயலிழந்து படுத்தார், போலியோ என்றார்கள். எழுந்து நடந்தார். பல வருஷம் கழித்து அதன் பின்விளைவு திரும்பி வந்து சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தர். 2007 டிசம்பரில் 90ஆவது பிறந்த நாளுக்கு ஒரு வீடியோவில் மூன்று ஆசைகளைச் சொன்னார்: வேற்றுலக உயிர்களுக்கு ஒரு சான்று, எண்ணெயை நம்பி வாழாத உலகம், இலங்கையில் நிலைத்த சமாதானம். 2008 மார்ச் 19இல் கொழும்பில் காலமானார். அடுத்த வருஷம் மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. அது அவர் கேட்ட சமாதானமா என்பது வேறு பேச்சு.

உயர்தர வகுப்பில் ஈர்ப்பு அலகை முடித்ததும் இந்த லிஃப்ட்டைக் கரும்பலகையில் வரைவது என் வழக்கம். பாதி வகுப்பு தூக்கத்திலிருந்து எழும்புவது அப்போதுதான். கடந்த தவணையில் பின் வரிசைப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"சேர், கம்பி அறுந்தா எந்தப் பக்கம் விழும்?"

மேல் துண்டு விண்வெளிக்குப் போய்விடும் என்றேன். கீழ்த் துண்டு நேர் கீழே விழாது. மேலே இருந்தபோது அதற்குத் தரையைவிடக் கிழக்கு நோக்கிய வேகம் அதிகம், அதனால் கிழக்கே சாய்ந்து பூமியைச் சுற்றிக்கொள்ளும். கம்பியின் அடி நம் மலையில் என்றால் ஹப்புத்தளை, பண்டாரவளை, மொனராகலை, பொத்துவில், அப்புறம் கடல்.

"பண்டாரவளையா?" என்றாள். "அப்ப எங்க மாமா வீடு போச்சு சேர்."